ரைபிள்: சொல்லும் பொருளும், வாங்கும் முன் கவனிக்க வேண்டியவையும்

ரைபிள் என்ற பெயர், குழலின் உட்சுவரில் செய்யும் ஒரு வேலையிலிருந்து வந்தது. பிரெஞ்சில் 'ரிஃப்லே' என்றால் சுரண்டு, கீறு என்று பொருள். குழலுக்குள் பள்ளம் கீறுவதற்கு ஆங்கிலத்தில் அந்த வினை வந்து சேர்ந்தது. கீறிய குழல் உள்ள துப்பாக்கி முதலில் 'ரைபிள்ட் கன்' ஆகி, பிறகு வெறும் 'ரைபிள்' என்று சுருங்கியது.

தோட்டா இல்லை என்று உறுதி செய்து, குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டையும் கழற்றி எடுத்தபின், அமெரிக்கக் கடைகளில் விற்கும் ஏ.ஆர்-15 என்ற ரைபிளின் குழலைப் பின்பக்கமிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஆறு பள்ளங்கள் கயிற்று முறுக்கைப் போல வலப்பக்கமாகத் திருகிச் செல்லும். குண்டு அந்தப் பள்ளங்களுக்கு இடையே உள்ள மேடுகளில் கவ்விச் சுழன்றபடி வெளியேறுகிறது. சுழல்கிற பம்பரம் சாயாமல் நிற்பது போல, சுழல்கிற குண்டும் மூக்கு முன்னோக்கியே பறக்கும். '1:7' என்று குழலில் பொறித்திருந்தால் 7 அங்குல நீளத்துக்கு ஒரு சுற்று என்று பொருள். நொடிக்கு 990 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு, அந்தக் கணக்கில் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும்.

இந்த முறுக்குக்குத் தமிழில் 'புரி' என்ற சொல் தயாராகவே இருக்கிறது. கயிற்றில் புரி, முப்புரி நூல், வலம்புரிச் சங்கு. ஆகவே ரைபிளுக்குப் புரித்துப்பாக்கி என்பதே பொருத்தமான தமிழ். திருகாணியின் 'மரை'யை வைத்து மரைகுழல் துப்பாக்கி என்பாரும் உண்டு, அதுவும் பிழையில்லை. ஆனால் 'புரி' திசையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது: ஏ.ஆர்-15 குழல் வலம்புரி, பழைய பிரிட்டிஷ் படை ரைபிளான .303 லீ-என்ஃபீல்டின் குழல் இடம்புரி. ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொல் தேவைப்படுவதை நாம் ஒரே சொல்லில் முடிக்கிறோம். நீளமாக இருக்கும் எல்லாவற்றையும் ரைபிள் என்பது தவறு. சிறு குண்டுமணிகளைச் சிதறவிடும் ஷாட்கன்னின் குழல் பொதுவாக வழவழப்பானது, புரி கிடையாது.

இனி 'துப்பாக்கி'. குண்டைத் துப்புவதால் துப்பாக்கி என்ற விளக்கம் பரவலாக உண்டு. 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி' என்று குறளிலேயே இந்தச் சொல் இருக்கிறதே என்பவர்களும் உண்டு. குறளில் அது துப்பு + ஆக்கி, அதாவது உணவை உண்டாக்கி. மழையைப் பற்றிய குறள் அது. வெடிமருந்து இங்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது. நம் துப்பாக்கி துருக்கியின் 'துஃபெக்', பாரசீகத்தின் 'துஃபங்', இந்துஸ்தானியின் 'துபக்' வழி வந்தது. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'துபாகி', மலையாளத்தில் 'தோக்கு'. துருக்கியில் அதன் பழைய பொருள் ஊதுகுழல். ஈழத்தமிழில் வழங்கும் 'சுடுகலன்' எல்லா வகைக்கும் பொதுச்சொல்லாக நன்றாகப் பொருந்துகிறது.

குழப்பம் தொடங்குவது 'அசால்ட் ரைபிள்' என்ற இடத்தில். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில் ஜெர்மனி களமிறக்கிய 'ஸ்டூர்ம்கெவேர் 44' என்ற பெயரின் மொழிபெயர்ப்பு அது. ஸ்டூர்ம் என்றால் புயல். படைமொழியில் எதிரி நிலைமீது பாய்ந்து தாக்குதல். ஆகவே 'தாக்குதல் துப்பாக்கி' சரியான தமிழ்தான், ஆனால் அந்தப் பெயருக்கு நிபந்தனைகள் உண்டு. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கும் முழு ரைபிள் தோட்டாவுக்கும் இடைப்பட்ட வலிமையுள்ள தோட்டா வேண்டும். கழற்றி மாட்டும் மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கும் பெட்டி, வேண்டும். ஒவ்வொன்றாகவும் தொடர்ச்சியாகவும் சுடும்படி மாற்றுகிற தெரிவு விசை வேண்டும். மூன்றாவது இல்லாவிட்டால் அது தாக்குதல் துப்பாக்கி ஆகாது.

அமெரிக்கக் கடைகளில் விற்கும் ஏ.ஆர்-15-ல் அந்த மூன்றாவது இல்லை. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டுதான். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றி வைத்துக்கொள்ளும், அவ்வளவே. இதை 'அரைத் தானியங்கி' என்பதைவிடத் 'தன்னிரப்பி' என்றால் என்ன நடக்கிறது என்று உடனே விளங்கும். 'ஏ.ஆர்' என்பதும் அசால்ட் ரைபிள் அல்ல. வடிவமைத்த ஆர்மலைட் நிறுவனத்தின் பெயர். அந்த நிறுவனம் 1959-ல் உரிமையைக் கோல்ட் என்ற துப்பாக்கி நிறுவனத்துக்கு விற்றது. தொடர்ந்து சுடும் வடிவம் படையின் எம்-16 ஆனது. தன்னிரப்பி வடிவம் பொதுமக்கள் சந்தைக்குப் போனது. 1986 மே 19-க்குப் பிறகு பதிவான தொடர்சுடும் துப்பாக்கிகளைப் பொதுமக்கள் அங்கே வாங்க முடியாது.

'அசால்ட் வெப்பன்' வேறு. அது சட்டம் உண்டாக்கிய சொல். 1994-ல் வந்து 2004-ல் காலாவதியான கூட்டரசுத் தடை, கழற்றும் மேகசின் கொண்ட தன்னிரப்பி ரைபிளில் மடிக்கும் தோள்கட்டை, பிஸ்டல் பாணிக் கைப்பிடி, கத்தி மாட்டும் முளை, சுடர் மறைப்பான் போன்றவற்றில் இரண்டு இருந்தால் அதை இந்தப் பெயரில் சேர்த்தது. தயாரிப்பாளர்கள் முளையையும் மறைப்பானையும் நீக்கிவிட்டு அதே இயந்திரத்தை விற்றார்கள். நம் செய்தித்தாள்கள் 'அசால்ட் ரைபிள்', 'அசால்ட் வெப்பன்' இரண்டுக்கும் 'தாக்குதல் துப்பாக்கி' என்றே எழுதுவதால், எது தடைசெய்யப்பட்டது, எது கடையில் கிடைக்கிறது என்று வாசகருக்குப் புரிவதே இல்லை. கடைச்சரக்கை 'ராணுவ பாணித் தன்னிரப்பி' என்றால் போதும்.

அமெரிக்காவில் ஒருவர் அதை வாங்குவது தகுமா? எடை ஏறத்தாழ 3 கிலோ, பின்னுதைப்பு குறைவு; தோள் வலுவில்லாதவரும் சுட்டுப் பழகலாம். இரண்டு ஊசிகளைத் தள்ளினால் மேல்பாதியும் கீழ்பாதியும் பிரிந்துவிடும். துடைப்பது எளிது, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். இலக்குச் சுடும் விளையாட்டுக்கு இதைவிடப் பழக எளிதான ரைபிள் குறைவு. மான் வேட்டைக்கு என்றால் யோசிக்க வேண்டும். கொலராடோவில் பெருவிலங்கு வேட்டைக்குக் குறைந்தது .24 அங்குலத் துளைவிட்டம் (குழலின் உள்விட்டம்) வேண்டும், ஏ.ஆர்-15-ன் வழக்கமான .22 வகைக் குண்டு அங்கே சட்டப்படி செல்லாது.

வீட்டுக் காவலுக்கு வாங்குவோர் இரண்டைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. ஓசை 160 டெசிபெல் அளவில் வரும். 140-ஐத் தாண்டிய ஒரே வெடி காதை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடும், மூடிய அறையில் இன்னும் மோசம். அமெரிக்க வீடுகளின் ஜிப்சம் பலகைச் சுவர் குண்டை நிறுத்தாது. குறி தப்பினால் அடுத்த அறையில் இருப்பவருக்குத்தான் ஆபத்து. இவற்றைவிடப் பெரிது ஒன்று: அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் சிறுவர்களோ மனம் உடைந்தவர்களோ இருந்தால் துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டா வேறு பூட்டிலும் இருந்தே ஆக வேண்டும். அதற்கு வசதி இல்லாதவர் வாங்காமல் இருப்பதே நல்லது.

வாங்குவதென்று முடிவானால் குழலில் பொறித்திருப்பதை முதலில் படியுங்கள். '5.56 நேட்டோ' என்றிருந்தால் .223 ரெமிங்டன் தோட்டாவும் போடலாம். '.223 ரெமிங்டன்' என்று மட்டும் இருந்தால் 5.56 போடக் கூடாது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுதான், ஆனால் .223 குழலில் தோட்டா அமரும் அறையில் குண்டுக்கும் புரிக்கும் இடையே உள்ள இடைவெளி குறைவு, அதனால் அழுத்தம் வரம்பு மீறும். அடுத்தது புரியின் அளவு. 1:12 குழலில் 62 கிரெய்ன் (குண்டின் எடையளவு) குண்டைப் போட்டால் சுழற்சி போதாது; குண்டு கவிழ்ந்து பக்கவாட்டில் பட்டு, காகிதத்தில் சாவித்துளை போல ஓட்டை விழும். 55 முதல் 62 கிரெய்ன் வரை சுடுவோருக்கு 1:8 அல்லது 1:9 போதும்.

போல்ட் தாங்கியின் மேல் ஒரு சிறு வாயுக்குழாய் இரண்டு திருகாணிகளால் பிடிக்கப்பட்டிருக்கும்; சுடும்போது அதன் வழியே வரும் வெடிவாயுதான் போல்ட்டைப் பின்தள்ளுகிறது. ஆணித்தலையின் ஓரத்து உலோகத்தை உளியால் அடித்து நெருக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். மலிவுச் சரக்கில் இதைத்தான் விட்டுவிடுவார்கள். ஆணி தளர்ந்தால் வாயு கசியும், போல்ட் பாதி தூரமே பின்வாங்கும், அடுத்த தோட்டா ஏறாது. வாயு நேராகப் போல்ட்டுக்கே வருவதால் கரியும் அங்கேயே படியும்; எண்ணெய் வறண்டால் இயக்கம் மந்தமாகும். வியட்நாமில் தொடக்ககால எம்-16 சிக்கியதற்கு வெடிமருந்து மாற்றமும், குரோமியம் பூசாத அறையும், வீரர்களுக்குத் துடைக்கும் கருவி தராததும் சேர்ந்த காரணங்கள்.

கலிபோர்னியா, நியூயார்க், இல்லினாய், வாஷிங்டன் உள்ளிட்ட மாநிலங்களில் இவ்வகைத் துப்பாக்கிகளின் விற்பனைக்குத் தடை உண்டு. வேலைக்காக மாநிலம் மாறுவோர் வாங்கும் முன்பே இதைப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் சாதாரண உரிமத்தில் இந்தவகையை வாங்க வழியில்லை. இங்கே உரிமதாரர் கையில் காண்பது பெரும்பாலும் .315 ரைபிள், ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்ற வேண்டும். .303, 9 மி.மீ. போன்ற படை அளவுகளைச் சட்டம் 'தடைசெய்யப்பட்ட போர்' என்கிறது. இதைத் தமிழில் படிப்பவர் யுத்தம் என்றே நினைப்பார். இது ஆங்கிலத்தின் 'bore', அதாவது குழலின் உள்துளை. துளைவிட்டம் என்று எழுத வேண்டும்.