சிட்டிசன் சயின்ஸ்: குடிமக்கள் அறிவியலா, மக்கள் அறிவியலா?

ஞாயிறு விடிகாலையில் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலச் சாலையோரம் பைனாகுலரும் போனுமாக நிற்பவர்களிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "ஈபேர்ட் லிஸ்ட் போடறோம்" என்பார்கள். பூநாரை எத்தனை, கூழைக்கடா எத்தனை என்று எண்ணிச் செயலியில் ஏற்றுகிற வேலை. அறிவியலைப் பிழைப்பாகக் கொள்ளாதவர்கள் இப்படி அறிவியலுக்குக் கைகொடுப்பதற்குத்தான் 'சிட்டிசன் சயின்ஸ்' என்று பெயர்.

ஈபேர்ட் 2002-இல் வந்தது. பார்த்த பறவை எல்லாவற்றையும் விடாமல் பட்டியலிட்டால், அதில் இல்லாத பறவையும் ஒரு தகவலாகிவிடும். அதன் நுட்பமே அங்கேதான் இருக்கிறது. 2008-இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பூச்சி, செடி எதையும் படமெடுத்துப் போடலாம். இடமும் தேதியும் சரியாக இருந்து, இனம் இன்னதென்று சொல்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் அப்பதிவு 'ஆய்வுத்தரம்' பெறும்.

'சிட்டிசன் சயின்ஸ்' என்ற சொல் வழக்கில் ஊன்றியது 1990-களின் நடுவில். இங்கிலாந்தில் சமூகவியலாளர் ஆலன் இர்வினும் அமெரிக்காவில் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் ரிக் பானியும் தனித்தனியே இதைக் கையாண்டார்கள், ஆனால் ஒரே பொருளில் அல்ல. அறிவியல் மக்களின் கவலைக்கும் அனுபவ அறிவுக்கும் காதுகொடுக்க வேண்டும் என்றார் இர்வின். மக்கள் தரவு திரட்டித் தருவதைக் குறித்தார் பானி. செயலிகளோடு நம்மூர் வந்தது பானியின் பொருள். 2014-இல் ஆக்ஸ்ஃபர்ட் அகராதியிலும் சொல் ஏறிவிட்டது. பெயருக்கு முன்பே வேலை நடந்திருக்கிறது: சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் 1988 முதலே இரவில் நடந்து ஆமை முட்டைகளைக் காத்துவருகிறார்கள்.

தமிழில் 'குடிமக்கள் அறிவியல்' என்பது நேர்ப்பெயர்ப்பு. 'குடி' பழைய, நல்ல சொல்; குறளில் 'குடிமை' என்று ஓர் அதிகாரமே உண்டு. ஆனால் டாஸ்மாக் காலத்தில் 'குடிமகன் அறிவியல்' என்று மேடையில் சொல்லிப் பாருங்கள், அரங்கம் சிரிக்கும். அதைவிட, குடியுரிமைக்கும் கொக்கு எண்ணுவதற்கும் என்ன தொடர்பு?

'மக்கள் அறிவியல்' எனக்கு உவப்பு. அது 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற மக்கள் அறிவியல் இயக்கங்களைக் குறிக்கும் சொல்லாயிற்றே, குழம்பாதா என்பார்கள். குழம்பட்டும். பானி விட்டுவிட்ட, இர்வின் சொன்ன பொருள் அந்தப் பழைய வழக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆளைக் குறிக்கும்போதுதான் இடிக்கிறது. 'மக்கள் அறிவியலாளர்' என்றால் மக்களை ஆராய்பவர் போல் ஒலிக்கும். பள்ளிக்கரணையில் நிற்பவரைப் 'பறவை நோக்கர்' என்றே எழுதிவிடுகிறேன்.