தேதி மறக்கும் கம்ப்யூட்டர்

ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "தினமும் காலையில கம்ப்யூட்டரைப் போட்டா தேதி பல வருஷம் பின்னாடி போயிருதுங்க. பேங்க் வெப்சைட்டும் திறக்கறதில்லைங்க. வைரஸ்னு சொல்லி ஃபார்மெட் பண்ணச் சொல்றாங்க. பண்ணிரலாமுங்களா?"

வேண்டாம். மதர்போர்டில், அதாவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் முக்கியச் சுற்றுப் பலகையில், சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பட்டன் செல் தீர்ந்திருக்கும். மின்சாரம் இல்லாதபோது உள்ளே இருக்கும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். வங்கித் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் எந்த நாளிலிருந்து செல்லும் என்று அதிலேயே இருக்கும். பழைய வருஷத்தில் நிற்கும் கம்ப்யூட்டருக்கு அந்த நாள் இன்னும் வரவில்லை. அதனால் பிரவுசர் மறுக்கிறது.

சரி, கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது நேரத்தை எண்ணுவது எது? காங்கேயம் பக்கத்துக் காடுகளில் வெள்ளையாகக் கிடக்குமே வெங்கச்சாங்கல், இருட்டில் உரசி வெளிச்சம் பார்ப்போமே, அந்தக் குவார்ட்ஸ்தான். ஆலையில் சுத்தமாக வளர்த்த குவார்ட்ஸைக் கவட்டை வடிவில் வெட்டி, சின்ன உலோகக் கூட்டுக்குள் வைத்திருப்பார்கள். அழுத்தினால் இந்தப் படிகத்தில் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். மின்சாரம் கொடுத்தால் அது நெளியவும் செய்யும். இந்தக் கவட்டை நொடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் இந்த எண்? பாதியாக்கிக்கொண்டே வாருங்கள்: 16,384, 8,192, 4,096... பதினைந்தாவது தடவையில் மிச்சமில்லாமல் 1. இரண்டு துடிப்பு உள்ளே வந்தால் ஒன்றை வெளியே விடும் சுற்றுகளைப் பதினைந்து அடுக்கிவிட்டால் போதும், கடைசியில் நொடிக்கு ஒரே துடிப்பு. அதிர்வைக் கூட்டினால் செல் சீக்கிரம் தீரும். ரொம்பக் குறைத்தால் படிகம் பெரிதாகும். இத்தனைக்கும் பொருந்தி உட்கார்ந்த எண் இது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை கடிகாரம் அதிலேயே ஓடும். ராத்திரி மெயினை அணைத்துவிட்டுப் போகும் கடைகளில் செல் சீக்கிரம் தீர்வது அதனால்தான். சந்தேகமிருந்தால் தேதியைச் சரிசெய்து, மெயினை அணைத்துவிட்டுப் போங்கள். காலையில் இன்டர்நெட் இல்லாமல் ஆன் செய்து பாருங்கள், இன்டர்நெட் இருந்தால் கம்ப்யூட்டர் தானாகவே தேதியைத் திருத்திக்கொண்டுவிடும். மறுபடி பின்னால் போயிருந்தால் செல்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளஸ் குறி மேலே தெரியும்படி புதியதைப் போடுங்கள்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்காக ஃபார்மெட் செய்து, பல வருஷக் கணக்கை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரிகிறது. பள்ளிக்கூட லேபில் ஒரு பழைய பெட்டியையாவது திறந்து பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

அப்புறம், கழற்றிய செல்லை மேஜையில் போட்டு வைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.