வாட்: டூம் பிறந்தநாளுக்கு ரசிகர்கள் கட்டும் பொதி

டிசம்பர் 10 நெருங்கும்போது டூம் ரசிகர்கள் நடுவே ஒரு சொல் திரும்பத் திரும்ப அடிபடும்: வாட். எந்த வாட் வரப்போகிறது, யார் செய்தது, போன வருடத்து வாட்டில் கடைசி அறையைத் தாண்டியாயிற்றா என்று பேச்சு போகும். தமிழில் இதைக் கேட்கும் புதியவருக்குத் தலை சுற்றும். நமக்கு வாட் என்றால் 60 வாட் பல்பு; அல்லது பெட்ரோல் விலையில் ஒளிந்திருக்கும் வாட் வரி. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் எழுத்து வேறு, ஒலியும் சற்று வேறு. தமிழ் எழுத்தில் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. இந்தக் குழப்பம் ஒன்றே தமிழ்ச்சொல் தேடப் போதுமான காரணம். வேறு காரணங்களும் இருக்கின்றன.

டூம், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இருந்த இட் சாஃப்ட்வேர் என்ற சிறு நிறுவனம் 1993 டிசம்பர் 10 அன்று வெளியிட்ட, கணினியில் ஆடும் சுடும் ஆட்டம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பார்க்சைடு வளாகத்து சர்வரில் அதை ஏற்றுவதாகத் திட்டம். காத்திருந்தவர்களின் கூட்டத்தில் சர்வர் நிரம்பி, ஏற்ற வேண்டியவர்களுக்கே உள்ளே இடமில்லாமல் போனது. முதல் பாகத்தின் 9 லெவல்கள் இலவசம். பிடித்திருந்தால் காசு கட்டி மொத்தம் 27 லெவலையும் வாங்கிக்கொள்ளலாம். அந்த நாளைத்தான் ரசிகர்கள் ஆட்டத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடும் முறைதான் விசேஷம். பழைய ஆட்டத்தை எடுத்து ஒருமுறை ஆடிப் பெருமூச்சு விடுவதோடு நிற்பதில்லை, புதிதாக லெவல் செய்து கொண்டுவந்து ஊருக்குக் கொடுக்கிறார்கள். அப்படிக் கொடுப்பதன் பெயர் வாட்.

சொல்லின் நேர்ப்பொருள் ஒரு கோப்பு வகை. லெவல்களின் வரைபடம், பூதங்களின் உருவம், துப்பாக்கிச் சத்தம், பின்னணி இசை, சுவரில் ஒட்டும் சித்திரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய ஒற்றைக் கோப்பு அது. ஆட்டத்தை ஓட்டும் நிரல் வேறு கோப்பு. பூதம் எப்படி நடக்கும், எப்போது பாயும் என்பதெல்லாம் நிரலில் இருக்கும். அது எப்படித் தோன்றும், எந்த அறையில் எந்த மூலையில் நிற்கும் என்பது வாட்டில் இருக்கும்.

கோப்பின் உட்புறம் வியக்கத்தக்க எளிமை கொண்டது. முதல் 12 பைட் தலைப்பு. அதில் 4 பைட் கோப்பின் வகையைச் சொல்லும், அடுத்த 4 பைட் உள்ளே எத்தனை உருப்படி என்று சொல்லும், கடைசி 4 பைட் பட்டியல் எங்கே கிடக்கிறது என்று காட்டும். பட்டியலில் ஒவ்வொரு உருப்படிக்கும் 16 பைட்: தொடங்கும் இடம், அளவு, 8 எழுத்துக்கு மிகாத பெயர். அவ்வளவுதான். பூட்டு கிடையாது, மறையெழுத்து கிடையாது. நிரல் எழுதப் பழகும் கல்லூரி மாணவர் ஒரு மாலையில் இதைப் பிரித்துப் படிக்கும் சிறு நிரலை எழுதிவிடலாம். உள்ளே இருக்கும் உருப்படிக்கு டூம்காரர்கள் வைத்த பெயர் லம்ப். முதல் லெவலுக்கு ஈ1எம்1 என்று ஒரு வெற்று லம்ப் அடையாளத்துக்கு நிற்கும். அதைத் தொடர்ந்து அந்த லெவலின் கோடுகள், முனைகள், அறைகள், பொருள்கள் என்று ஒவ்வொன்றும் தனித்தனி லம்பாக வரிசையில் வரும்.

பெயர் வைத்தவர் டாம் ஹால், நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ‘வேர்ஸ் ஆல் தி டேட்டா’, அதாவது ‘தரவெல்லாம் எங்கே’ என்ற கேள்வியின் முதலெழுத்துகள் என்பது அவர் தந்த விரிவு. டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்தில் கோப்பின் வால்பெயர், அதாவது புள்ளிக்குப் பின் வரும் பகுதி, மூன்று எழுத்தைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடும் இதற்கு ஒத்துப்போனது. ஹால் ஆட்டம் வெளிவருவதற்குச் சில மாதம் முன்பே கருத்து வேறுபாட்டால் நிறுவனத்தைவிட்டு வெளியேறினார். அவர் கனவு கண்ட கதையில் பெரும்பகுதி ஆட்டத்தில் இல்லை. வைத்த பெயர் மட்டும் முப்பது ஆண்டு தாண்டியும் புழங்குகிறது.

சுருக்கம் என்பது ஒரு பக்கம். ஆங்கிலத்தில் வாட் முன்பே உள்ள சொல்லும்தான்: சுருட்டிய நோட்டுக்கட்டு, பஞ்சு உருண்டை, திணிப்பு என்று பொருள். பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தில் தென்படுகிறது. டச்சிலும் பிரெஞ்சிலும் பஞ்சைக் குறிக்கும் சொற்களோடு உறவு இருக்கலாம் என்று அகராதிகள் தயக்கத்தோடு சொல்கின்றன. இன்னொரு பொருளும் உண்டு. ஷாட்கன் தோட்டாவுக்குள் வெடிமருந்துக்கும் ரவைக்கும் நடுவே வைத்து அடைக்கும் தக்கைக்கும் ஆங்கிலத்தில் வாட் என்றுதான் பெயர். டூம் என்றாலே எல்லாருக்கும் நினைவுக்கு வருவது அந்த ஷாட்கன். ஹால் இதை நினைத்து வைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. பொருத்தம் மட்டும் நன்றாக இருக்கிறது.

சரக்கை நிரலிலிருந்து பிரித்து வைத்ததற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இதே நிறுவனம் 1992இல் வெளியிட்ட வுல்ஃபன்ஸ்டைன் 3டி ஆட்டத்தை ரசிகர்கள் சிலர் கிண்டிக் கிளறி, நாஜி எதிரி நிற்கும் இடத்தில் குழந்தைகள் தொலைக்காட்சியின் ஊதா நிற டைனோசர் பார்னியை நிறுத்தினார்கள். அதற்கு மூலக் கோப்பின் மேலேயே எழுத வேண்டியிருந்தது. பழைய ஆட்டம் திரும்ப வேண்டுமென்றால் மறுபடி நிறுவ வேண்டும். இட் நிறுவனத்தின் நிரலாளர் ஜான் கார்மாக்குக்கு இந்தக் குறும்பு பிடித்துவிட்டது. அடுத்த ஆட்டத்தில் மூலத்தைத் தொடாமலே மாற்றிக்கொள்ள வழி செய்தார். உரிமை என்னாவது, யாராவது எதையாவது செய்து பெயரைக் கெடுத்தால் என்னாவது என்று நிறுவனத்துக்குள்ளேயே தயக்கம் இருந்தது. கார்மாக் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை மட்டும் ஆட்டத்திலேயே பதிந்திருந்தது: இலவசப் பதிப்பில் வெளியார் வாட்டை ஏற்ற முயன்றால், ‘இதில் முடியாது, பதிவு செய்யுங்கள்’ என்று முகத்தில் அடித்தாற்போல ஒரு வரி வரும். நியாயமான வியாபாரம்தான்.

இங்கேதான் ஐவாட், பிவாட் என்ற பிரிவு வருகிறது. முதலாவதில் ஐ என்பது உள்ளார்ந்தது. நிறுவனம் விற்கும் மூலச் சரக்கு. இரண்டாவதில் பி என்பது பேட்ச், ஒட்டுப்போடுவது, ரசிகர்கள் செய்வது. மூலக் கோப்பை ஏற்றிய பிறகு ஒட்டுக் கோப்பு ஏறும். இரண்டிலும் ஒரே பெயரில் லம்ப் இருந்தால் பின்னால் வந்தது செல்லும். ஈ1எம்1 என்ற பெயரில் நீங்கள் ஒரு லெவல் செய்து ஏற்றினால் பழைய முதல் லெவல் வாய்மூடி ஒதுங்கிக்கொள்ளும்; உங்கள் கோப்பை எடுத்துவிட்டால் தானாகத் திரும்பி வரும்.

இப்போது தமிழுக்கு வருவோம். ‘மூட்டை’ என்று சிலர் சொல்லலாம். பொருள் சரிதான், ஆனால் மூட்டையில் ஒழுங்கு இல்லை. உள்ளே என்ன, எத்தனை என்று பட்டியல் கிடையாது. ‘சிப்பம்’ நல்ல சொல். அரிசிச் சிப்பம், ஜவுளிச் சிப்பம் என்று சந்தையில் வாழ்கிறது. தோட்டக்கலைத் துறை ‘சிப்பம் கட்டும் அறை’ என்றே எழுதுகிறது. ஆனால் சிப்பத்தில் ஒரே சரக்கு, ஒரே எடை என்ற வாடை அடிக்கிறது. வாட்டிலோ இசையும் இருக்கும், பூதமும் இருக்கும், கதவும் இருக்கும். ‘திரட்டு’ என்றால் நூல் நினைவு வருகிறது. ‘தொகுப்பு’ எதற்கும் பொருந்தும், அதனாலேயே எதையும் சொல்லாது.

எனக்குச் சரியென்று படுவது பொதி. பொதிமாடு சுமந்தது பல சரக்கு. அப்பருக்குத் திருப்பைஞ்ஞீலி போகும் வழியில் சிவன் அந்தணராக வந்து கொடுத்தார் என்று சொல்லப்படுவது பொதிசோறு. ஒருவர் கட்டி இன்னொருவருக்குக் கொடுப்பது என்ற பொருள் அதில் தானாக வந்துவிடுகிறது. இலங்கைத் தமிழில் இன்றும் பார்சலுக்குப் பொதி என்பதே நடைமுறை; உலர் உணவுப் பொதி, பயணப் பொதி என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. வினையாகவும் அது உயிரோடு இருக்கிறது: பொருள் பொதிந்த பேச்சு என்கிறோம். உள்ளே ஒன்று இருக்கிறது, அவிழ்த்தால் தெரியும் என்று வினையே சொல்லிவிடுகிறது.

ஒரு தடை உண்டு. வலையில் துண்டு துண்டாகப் போகும் தகவலையும் தமிழில் ‘தரவுப் பொதி’ என்று எழுதுகிறார்கள். ஆகவே தரவுப் பொதி வேண்டாம். வேறுபடுத்த வேண்டிய இடத்தில் ஆட்டப்பொதி என்று எழுதலாம். ரசிகர்கள் தங்களுக்குள் பேசும்போது பொதி என்றாலே போதும்.

பொதி என்று வைத்துக்கொண்டால் மற்றச் சொற்கள் சிரமமில்லாமல் வருகின்றன. ஐவாட் தாய்ப்பொதி. பிவாட் ஒட்டுப்பொதி. ஒட்டு என்பது கிழிசலில் போடும் ஒட்டு மட்டுமல்ல, ஒட்டு மாங்கன்றின் ஒட்டும்தான்; வேர்க்கன்று இல்லாமல் மேலே கட்டிய கிளை பிழைக்காது. ரசிகர் செய்த பொதியும் தாய்ப்பொதி இல்லாமல் தனியே ஓடாது, அதிலிருக்கும் பூதங்களையும் சித்திரங்களையும் வாங்கித்தான் உயிர் பிடிக்கும். பதினைந்தோ அதற்கு மேலோ லெவல் கொண்டதை மெகாவாட் என்கிறார்கள்; இதைத் தமிழில் அப்படியே எழுதினால் மின்நிலையம்தான் நினைவுக்கு வரும். பெரும்பொதி என்றால் தீர்ந்தது. லம்ப் என்பதற்கு முடிச்சு. சில்லறையையும் மருந்தையும் தனித்தனியே முடிந்து பொதிக்குள் போடும் பழக்கம் இருந்த ஊர் நம்முடையது.

இந்த ஒட்டு உறவுக்குச் சட்டப் பயனும் உண்டு. தாய்ப்பொதிக்கு இன்றும் உரிமையாளர் இருக்கிறார், அதைக் கண்டபடி பகிர முடியாது. ஆட்டத்தின் நிரலை 1997 டிசம்பர் 23 அன்று இட் நிறுவனம் பொதுவில் வைத்தது. 1999இல் அது ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்துக்கு வந்தது. ரசிகர் தன் உழைப்பை மட்டும் ஒட்டுப்பொதியாகக் கட்டிப் பகிர்வதால் யாருக்கும் நட்டமில்லை. காசு கட்டாமலே ஆட விரும்புவோருக்காக ஃப்ரீடூம் என்ற கட்டற்ற தாய்ப்பொதியையும் ரசிகர்களே முதலிலிருந்து வரைந்து, இசையமைத்துக் கட்டியிருக்கிறார்கள். பிறந்தநாள் ஆண்டுதோறும் வழக்கு வம்பு இல்லாமல் நடப்பதற்கு இந்தப் பிரிவினையே காரணம்.

கட்டத் தொடங்கியது மிக விரைவில். நியூசிலாந்தைச் சேர்ந்த பிரெண்டன் வைபர் முன்னின்று செய்த டியூ என்ற லெவல் தொகுக்கும் கருவி 1994 ஜனவரியிலேயே வந்துவிட்டது. ஆட்டம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நிறுவனம் எந்தக் கையேடும் தராத நிலையில் ரசிகர்களே கோப்பைப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அடுத்த இரண்டாண்டில் நிலைமை தலைகீழானது: டீம்டிஎன்டி என்ற ரசிகர் குழு இலவசமாகத் தரவிருந்த பெரும்பொதியை நிறுவனமே விலைக்கு வாங்கி, கசாலி சகோதரர்கள் செய்த இன்னொன்றோடு சேர்த்து 1996இல் ஃபைனல் டூம் என்று கடையில் விற்றது. இலவசமாகக் கிடைக்கும் என்று காத்திருந்தவர்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை.

ஆண்டு நிறைவுக்கும் பொதிக்கும் உள்ள முடிச்சு இறுகியது 2003இல். ஆட்டத்துக்குப் பத்து வயது ஆனபோது டூம்வேர்ல்டு என்ற ரசிகர் இணையதளத்தினர் அதுவரை வந்தவற்றில் சிறந்த நூறு பொதிகளைத் தேர்ந்து வெளியிட்டார்கள். மறு ஆண்டு முதல் ஒவ்வொரு டிசம்பர் 10 அன்றும் அந்த ஆண்டின் சிறந்த பொதிகளுக்கு கேக்கவார்டு என்ற விருது. ஆட்டத்தில் வரும் ஒற்றைக்கண் உருண்டைப் பூதத்தின் பெயரில் அமைந்தது. காசு கிடையாது, மதிப்பு உண்டு.

25ஆம் ஆண்டு நிறைவுக்கு மூல ஆட்டத்தின் முதல் லெவலைச் செய்த ஜான் ரொமேரோவே ஒட்டுப்பொதி கட்டினார். சிஜில் என்று பெயர். 2018 டிசம்பர் 10 அன்று அறிவித்து, 2019 மே மாதம் இலவசமாகக் கொடுத்தார். பழைய நிரல்களில் ஓடுவதற்கென்று அதோடு இன்னொரு கோப்பும் இருந்தது. அது மூன்றாம் பாகத்து லெவல்களின் பெயரைச் சூடிக்கொண்டு அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே சொன்ன ‘பின்னால் வந்தது செல்லும்’ விதியை ஆட்டத்தை உருவாக்கியவரே ரசிகரைப் போலப் பயன்படுத்தியது எனக்குப் பிடித்த காட்சி. 30ஆம் ஆண்டில், 2023 டிசம்பர் 10 அன்றே, சிஜில் 2 வந்தது. அதே நாளில் கார்மாக்கும் ரொமேரோவும் நேரலையில் சேர்ந்து பழைய கதை பேசினார்கள்.

அதே 2023இன் மார்ச்சில் வந்த மைஹவுஸ் இந்தச் சொல்லுக்கு ஒரு புதிய சிக்கலைக் கொண்டுவந்தது. இறந்துபோன நண்பனின் பழைய லெவலை மெருகேற்றியதாகச் சொல்லிக்கொண்டு, சாதாரண வீடு ஒன்றின் வரைபடமாக அது வந்தது. வாட் கோப்பை மட்டும் ஆடினால் வீடு வீடாகவே இருக்கும். கூடவே இருந்த இன்னொரு கோப்பை ஏற்றி ஆடியவர்களுக்குத்தான் அறைகள் இடம் மாறின, கதவுக்கு அந்தப் பக்கம் வேறு வீடு இருந்தது. அந்த இரண்டாவது கோப்பு வாட் வகையே அல்ல, பிகே3. பெயர் மாற்றிய ஜிப் கோப்பு. ஆனாலும் எல்லாரும் அதை வாட் என்றே அழைத்தார்கள். சொல் கோப்பு வகையைவிட்டு எப்போதோ நகர்ந்துவிட்டது. ரசிகர் கட்டி அனுப்புவது எதுவோ அது வாட் என்றாகிவிட்டது.

ஆகவே எழுதும்போது, கோப்பின் வால்பெயரைச் சொல்லும் இடத்தில் வாட், பிகே3 என்று அப்படியே எழுதலாம். அதை மொழிபெயர்த்தால் கோப்பு திறக்காது. மற்ற எல்லா இடத்திலும் பொதி. வினையில் ‘பொதி கட்டினார்’, ‘பொதியை ஏற்றி ஆடினேன்’. வேற்றுமை உருபேற்கும்போது பொதியை, பொதிக்கு, பொதியில் என்று இயல்பாக வரும். வாட்டை, வாட்டுக்கு என்று சொல்லி ‘வாட்டு’ என்ற வேறு வினையை எழுப்ப வேண்டியதில்லை.