தார் ரோட்டில் ஃபோர் வீல் போடாதீர்கள்

"அண்ணே, ஃபோர் வீல் லிவரு வெளிய வரமாட்டேங்கு. சும்மா ரோட்டுலதான் போனேன்."

இந்த மழைக்காலத்தில் பணிமனை வாசலில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பேச்சு இது. ஒரு நாள் செகண்ட் ஹேண்ட் மஹிந்திரா தார், இன்னொரு நாள் நாலு கை மாறிய மாருதி ஜிப்சி, அடுத்து எஸ்டேட்டில் ஓடித் தேய்ந்த பழைய ஜீப்பு. வண்டிதான் வேறு வேறு, வியாதி ஒன்றுதான். கீழே படுத்துப் பார்த்தால் ஷாஃப்ட்டை இணைக்கும் யூ.ஜே. கிராஸ் உடைந்திருக்கும், இல்லையென்றால் இன்ஜின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் செயின் நீண்டு பல் தாண்டியிருக்கும். ஓட்டியவரிடம் கேட்டால் எல்லாரும் சொல்லும் பதில்: "மழை பெய்ஞ்சு ரோடு நனைஞ்சு கிடந்துது, கிரிப்புக்குப் போட்டேன்."

இந்த "கிரிப்புக்குப் போட்டேன்" என்பதை எப்படியாவது ஒழிக்க வேண்டும். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊரில் ஓடும் ஜிப்சி, ஜிம்னி, மஹிந்திரா தார், கூர்க்கா, பழைய ஜீப்புகள், இவற்றில் ஃபோர் வீல் உள்ளவை எல்லாமே பார்ட் டைம் வகை. சாதாரணமாகப் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும், லிவர் போட்டால்தான் நாலு சக்கரமும் இழுக்கும். 4 ஹெச் (சாதாரண வேகத்துக்கான ஃபோர் வீல் நிலை) போட்டதும், ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் ஒன்றோடு ஒன்று பூட்டிக்கொள்கின்றன. முன்னது நூறு சுற்று சுற்றினால் பின்னதும் நூறுதான், ஒரு சுற்று கூடாது, குறையாது. ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் போகும் தூரமும் பின் சக்கரங்கள் போகும் தூரமும் ஒன்றில்லை. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 2.4 மீட்டர் உள்ள வண்டி என்று வையுங்கள். பின் ஆக்சிலின் நடு 5 மீட்டர் ஆரத்தில் ஒரு யூ டர்ன் அடித்தால் 15.7 மீட்டர் ஓடும். அதே நேரத்தில் முன் ஆக்சிலின் நடு 17.4 மீட்டர் ஓடியாக வேண்டும். ஒரே ஒரு திருப்பத்தில் 1.7 மீட்டர் வித்தியாசம். சேற்றிலும் மணலிலும் டயர் லேசாக வழுக்கி இந்தக் கணக்கைத் தீர்த்துவிடும். தார் ரோடு வழுக்க விடாது. நனைந்த தார் ரோடும் விடாது. அப்போது அந்த 1.7 மீட்டர் எங்கே போகும்? ஷாஃப்ட்டுக்குள் முறுக்காக ஏறும். துணியைப் பிழிவது போலத்தான். ஸ்டீயரிங் கனக்கும், டயர் கீச்சிடும், வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போலத் தயங்கும். அத்தனையும் வண்டி உங்களிடம் கெஞ்சுகிற சத்தம். அதற்கு மேலும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் எது பலவீனமோ அது உடையும்.

இன்னொன்று. பிரேக்குக்கும் ஃபோர் வீலுக்கும் சம்பந்தம் இல்லை. எல்லா வண்டியிலும் பிரேக் நாலு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. ஃபோர் வீல் போட்டால் நனைந்த ரோட்டில் வண்டி சீக்கிரம் நிற்கும் என்று நினைத்து வேகமாகப் போகிறவர்கள்தான் வளைவில் நேராகப் போய் ஓடையில் இறங்குகிறார்கள்.

லிவர் சிக்கிக்கொண்டால் சுத்தியலால் தட்டாதீர்கள், காலால் உதைக்காதீர்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, ரிவர்ஸில் ஐந்தாறு மீட்டர் மெதுவாக வாருங்கள். முறுக்கு இறங்கியதும் லிவர் தானாக இளகும். பக்கத்தில் மண் தரை இருந்தால் ஒரு பக்கச் சக்கரங்களை அதில் ஏற்றினாலும் போதும். எஸ்டேட் பாதைகளில் சேறு கொஞ்ச தூரம், காங்கிரீட் ஏற்றம் கொஞ்ச தூரம் என்று மாறி மாறி வரும். காங்கிரீட்டில் நேராக ஏறுவதற்கு 4 ஹெச்சிலேயே போகலாம். வளைவு வந்தால் எடுத்துவிடுங்கள்.

இதே கணக்கு டயருக்கும் உண்டு, செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள். 235/70 ஆர் 16 டயர் புதிதாக இருக்கும்போது சுற்றளவு ஏறத்தாழ 2310 மில்லிமீட்டர். டயரின் பட்டன், அதாவது ரோட்டில் படும் மேல்பகுதி, 6 மில்லிமீட்டர் தேய்ந்தால் சுற்றளவு 38 மில்லிமீட்டர் போல் குறையும். முன்னால் இரண்டு புது டயர், பின்னால் தேய்ந்த டயர் என்று ஓட்டினால், நேர் ரோட்டில்கூட ஒரு கிலோமீட்டருக்கு 16 மீட்டர் போல் முன்னுக்கும் பின்னுக்கும் சண்டை. விற்கிறவர் "முன்னால ரெண்டும் புத்தம் புது டயர்" என்று பெருமையாகச் சொன்னால், பாக்கி இரண்டுக்கும் ஆகும் காசை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

வாங்கும் முன் ஃபோர் வீல் வேலை செய்கிறதா என்று பார்க்க மலைக்குப் போக வேண்டாம். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து முதல் கியரில் வையுங்கள். முன் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப் கையால் திருப்புகிற மாடலாக இருந்தால் இரண்டையும் லாக் பண்ணுங்கள். முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். 2 ஹெச்சில் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) அந்தச் சக்கரம் கையால் சுற்ற வேண்டும். 4 ஹெச் போட்டதும் லேசாக ஆடிவிட்டு நின்றுவிட வேண்டும். 4 ஹெச்சிலும் சுற்றிக்கொண்டே இருந்தால் ஹப், ஆக்சில், டிரான்ஸ்ஃபர் கேஸ் இவற்றில் ஏதோ ஒன்று போய்விட்டது. நிற்கிறது, ஆனால் நிற்பதற்கு முன் தாராளமாக ஆடுகிறது என்றால் ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பீனியனையும் கிராஸையும் சந்தேகப்படுங்கள். சக்கரம் தூக்கியிருக்கும்போதே மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங். முன்னாலும் ஒரே குறுக்கு ஆக்சில் உள்ள பழைய லைவ் ஆக்சில் வண்டிகளில் கிங் பின் தளர்ந்தால் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் இறங்கியதும் ஸ்டீயரிங் கையை உதறும். அதை வீல் அலைன்மென்ட் பண்ணிச் சரிசெய்ய முடியாது.

அடுத்தது சேஸிஸ், வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது பெரிய விஷயம். கடற்கரைக் கிராமத்தில் ஓடிய வண்டியும் மலையோரம் ஓடிய வண்டியும் ஒரே வயதில் ஒன்றாக இருக்காது. அடியில் பளபளவென்று புதுக் கருப்பு பெயிண்ட் இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். சின்னச் சுத்தியலை எடுத்து, பின் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டும் பிராக்கெட், பாடி மவுண்ட், குறுக்குச் சட்டம் சேரும் மூலை எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று சொல்லும். அரித்த இரும்பு 'தொப்' என்று சொல்லும், கூடவே செதில் உதிரும். பிரேக் பைப்பில் துருக் கொப்புளம் இருந்தால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

ஆர்.சி. புத்தகத்தையும் பாருங்கள். தனியார் வண்டிக்கு 15 வருடம், அதற்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது. இன்ஜின் மாற்றியது, பாடி வெட்டியது எல்லாம் விபத்து நடந்த அன்றைக்குத்தான் வேலையைக் காட்டும்.

மெக்கானிக் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. டிரான்ஸ்ஃபர் கேஸ் என்றதும் கெட்டியான 90 கியர் ஆயிலை ஊற்றாதீர்கள். பழைய கியர் டைப் பெட்டிக்கு அது சரி. செயின் டைப் பெட்டிகள் பலவற்றுக்கு ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊற்றும் மெல்லிய எண்ணெய்) வேண்டும். கெட்டி எண்ணெயை ஊற்றினால் உள்ளே இருக்கும் சின்ன பம்ப் மேலே ஏற்றாது, பேரிங் காயும். புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு ஊற்றுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இனி கூட்டமாகப் போகிறவர்களுக்கு. கீரிப்பாறை, காளிகேசம், பாலமோர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டு வண்டி சேர்ந்து கிளம்புகிறது. முதலில் அனுமதி. கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் 2008-ல் அறிவிக்கப்பட்டது, அனுமதி இல்லாமல் நுழைவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ரப்பர் எஸ்டேட் என்றால் எஸ்டேட்காரரின் சம்மதம் வேண்டும். கேட் திறந்து கிடக்கிறது என்பது சம்மதம் ஆகாது.

ரப்பர் தோட்டத்துப் பாதையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நிழலில் வெயில் படாமல் செம்மண் மேல் பாசி பிடித்திருக்கும். மேலே அரை அங்குலம் சோப்பு, அடியில் பாறை போன்ற கெட்டி. வரிசைகளுக்கு நடுவே மழைநீர் தேங்க வெட்டிய குழிகளை மூடுபயிர்க் கொடி பச்சைப் பாய் போல மூடியிருக்கும். பாதையை விட்டு ஒரு சக்கரம் இறங்கினால் ஆக்சில் வரை போய்விடும். இறங்கி நடந்து, கம்பால் குத்திப் பார்த்த பிறகு ஓட்டுங்கள்.

ஒரு தடையில் ஒரே ஒரு வண்டி. முன் வண்டி கடந்து, நின்று, கை காட்டிய பிறகுதான் அடுத்தது. வழி சொல்ல ஒரே ஆள். நாலு பேர் நாலு பக்கம் நின்று "லெஃப்ட்டுல ஒடி மக்கா, ரைட்டுல ஒடி" என்று கத்தினால் ஓட்டுகிறவர் யாரைப் பார்ப்பார்? ஒவ்வொருவரும் தன் பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். பாதை பிரிகிற இடத்தில் பின் வண்டி வந்து சேரும்வரை நிற்க வேண்டும். மலைக்குள் போனில் சிக்னல் கிடைக்காது, வாக்கி டாக்கி இல்லாவிட்டால் இந்த ஒழுங்குதான் காப்பாற்றும். விஞ்ச் (கம்பியைச் சுற்றி இழுக்கும் மோட்டார்) உள்ள வண்டி ஒன்று கடைசியில் வரட்டும்.

ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டால் வண்டியைக் குறுக்கே திருப்பவே கூடாது, உருண்டுவிடும். பிரேக்கை அழுத்திப் பிடித்து, ரிவர்ஸ் கியர் போட்டு, கிளட்சை முழுதாக விட்டு, 4 எல்லில் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் ஃபோர் வீல் நிலை) நேர் பின்னாக இறங்குங்கள். இறக்கத்தில் கிளட்சை மிதித்தால் வண்டி உங்கள் கையில் இல்லை. இரண்டு சக்கரம் குறுக்குக் கோணத்தில் அந்தரத்தில் தொங்கினால் ஃபோர் வீல் போட்டும் அசையாது. டிஃபரன்ஷியல் என்பது ஆக்சிலின் இரண்டு பக்கச் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி; அதற்கு லாக் இல்லாத வண்டியில் சக்தி முழுக்க அந்தரத்தில் சுற்றும் சக்கரத்துக்குத்தான் போகும். அங்கே ஆக்சிலரேட்டரை முறுக்குவது டீசலுக்கும் ஆக்சிலுக்கும் கேடு. கல்லைப் போட்டு உயர்த்துங்கள்.

மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் முறையைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. லாரிக்குக் கட்டும் கம்பிக் கயிற்றை பம்பரிலோ, டிரெய்லர் மாட்டும் உருண்டையிலோ கட்டி, ஓடி வந்து 'சடக்' என்று இழுக்கிறார்கள். கம்பிக் கயிறு நீண்டு கொடுக்காது. அந்த அடியில் உருண்டை முறிந்தால் அது பீரங்கிக் குண்டு, கண்ணாடியைத் துளைத்து உள்ளே இருப்பவரைக் கொல்லும். ஓடி வந்து இழுப்பதென்றால் அதற்கென்றே உள்ள, நீண்டு சுருங்கும் நைலான் கைனெடிக் கயிறு மட்டும். அதுவும் சேஸிஸில் போல்ட் போட்ட கொக்கியில், தாங்கும் எடை அச்சடித்த ஷாக்கிளுடன் (மாட்டும் இரும்பு வளையம்). விஞ்ச் கம்பி மேல் நனைந்த சாக்கு ஒன்றைப் போடுங்கள். டிரம்மில் குறைந்தது ஐந்து சுற்று மிச்சம் இருக்க வேண்டும். கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது, போன் பிடித்துப் படம் எடுக்கிறவர் உட்பட.

ஒரு வேண்டுகோள். விஞ்ச் கம்பியை ரப்பர் மரத்தில் நேரடியாகச் சுற்றாதீர்கள். பால் வெட்டும் பட்டையில் கம்பி அறுத்தால் அந்த மரத்தின் வருமானம் போயிற்று. அகலமான பட்டை வாரைத் தூரில் சுற்றி, அதில் மாட்டுங்கள்.

கடற்கரை பற்றி ஒன்றே ஒன்று. சொத்தவிளையிலும் சங்குத்துறையிலும் மணலில் ஓட்டிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். வலை காய்கிற இடம், பிள்ளைகள் விளையாடுகிற இடம், ஜனவரி முதல் மார்ச் வரை ஆமை முட்டையிடுகிற காலம். மணல் பழக வேண்டுமென்றால் உரிமையாளர் சம்மதித்த தனி நிலத்தில், டயர் காற்றை 16 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை குறைத்து ஓட்டுங்கள். 15-க்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து அதிகம். திரும்ப ரோடு ஏறும் முன் காற்று நிரப்ப வேண்டும், சின்ன கம்ப்ரஸர் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள்.

தண்ணீரில் இன்ஜின் நின்றால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். இழுத்து வெளியே கொண்டுவந்து ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் வண்டியைக் கட்டி இழுத்தே பணிமனைக்குக் கொண்டு வாருங்கள். இன்ஜினுக்குக் காற்றை மேலிருந்து எடுக்கும் குழாயான ஸ்நார்க்கல் மாட்டியிருந்தாலும் இதுதான் விதி. அதன் ஒரு ஜாயின்ட் லீக் ஆனால் போதும்.

ஓடையில் இறங்கிய வண்டியில் டிஃபரன்ஷியலைக் கவனிக்காமல் விடுவதுதான் பெரிய செலவு. சூடான ஹவுசிங், அதாவது டிஃபரன்ஷியலின் கூடு, குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். கூட்டுக்குள் காற்று போய்வரும் துளையான பிரீதர் சேற்றில் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். மறுநாள் காலை வண்டியை அசைக்கும் முன், ஹவுசிங் அடியில் உள்ள டிரெயின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ராத்திரி முழுக்க அடியில் தங்கிய தண்ணீர்தான் முதலில் சொட்டும். நாலு சொட்டு எண்ணெய் சுத்தமாக வந்தால் போல்ட்டை முறுக்கிவிட்டு நிம்மதியாக இருங்கள். தண்ணீர் வந்தாலோ, எண்ணெய் பால் விட்ட சாயா நிறத்தில் இருந்தாலோ அன்றைக்கே முழுவதையும் வடித்துப் புது ஆயில் ஊற்றுங்கள், நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றுங்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர் பாக்ஸ் நாலுக்கும் இப்படித்தான். பிரீதர் குழாயை நீட்டி இன்ஜின் அறையின் மேல் மூலையில் கட்டிவிட்டால் அடுத்த முறை இந்த வேலை பெரும்பாலும் மிச்சம்.