துவேரோ ஒயினுக்கு ஏன் பால்குட்டி?

ஸ்பெயினின் வடபகுதியில், துவேரோ ஆற்றங்கரையில் இருக்கும் அராந்தா ஊரில் லெச்சாசோ கேட்டால் மண்சட்டியோடு மேசைக்கு வரும். பிறந்து 35 நாளைத் தாண்டாத, தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் தின்னாத செம்மறிக்குட்டி. மசாலா என்று எதுவும் இல்லை. உப்பும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்து விறகடுப்பில் வாட்டுவார்கள். மேல்தோல் மொறுமொறுவென்று இருக்கும். சதை தொட்டாலே எலும்பை விட்டுக் கழன்றுவிடும். கூடவே அந்த வட்டாரத்துச் சிவப்பு ஒயின், ரிபேரா தெல் துவேரோ. இந்த ஜோடியை ஊர்ப்பழக்கம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

ஒயினை மட்டும் ஒரு மடக்கு குடித்தால் ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுக்கும். காரணம் டானின். திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது, ஓக் பீப்பாயிலிருந்தும் கொஞ்சம் சேரும். நம் எச்சிலில் புரோலின் மிகுந்த புரதங்கள் இருக்கின்றன. வாய் வழவழப்பாக இருப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. டானின் அவற்றைப் பற்றிக்கொண்டு திரித்துவிடுகிறது. வழவழப்பு போனதும் நாக்கும் அண்ணமும் உரசுகின்றன. அந்த உரசலைத்தான் துவர்ப்பாக உணர்கிறோம்.

பால் விடாத டீ துவர்ப்பதும், பால் விட்டால் அடங்குவதும் இதே கதைதான். பாலிலுள்ள கேசீன் டானினைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. இறைச்சியின் புரதமும் அப்படித்தான். எச்சிலுக்குப் போக வேண்டிய டானினில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. கொழுப்பும் டானினோடு ஒட்டுகிறது, போதாததற்கு வாயில் ஒரு பூச்சாகவும் படிகிறது. உப்பு கசப்பை மட்டுப்படுத்தும். அடுத்த மடக்கில் துவர்ப்பு பின்வாங்க, பழவாசனை முன்னுக்கு வரும். ஒயினின் புளிப்பு எச்சிலைச் சுரக்கவைத்து நெய்ப்பசையைக் கழுவிவிடும்.

அந்தப் புளிப்பு நிலத்திலிருந்து வருவது. தோட்டங்கள் பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல் உள்ளவை. கோடைப் பகல் கொளுத்தும், இரவு குளிரும். வெயிலில் டெம்ப்ரானியோ திராட்சையின் தோல் கருத்துத் தடிக்கும். இரவுக் குளிரில் பழத்தின் சுவாசம் மந்தமாவதால் புளிப்பைத் தரும் மாலிக் அமிலம் சீக்கிரம் கரைந்துபோகாது. இதற்கு விலையும் உண்டு: 2017 ஏப்ரல் கடைசியில் விழுந்த உறைபனி, துளிர்விட்ட கொடிகளைக் கருக்கியது.

1982-இல் தனி ஒயின் வட்டாரமாக அங்கீகாரம் பெற்ற இங்கே, புட்டியில் ‘கிரியான்சா’ என்று ஒட்டியிருந்தால் இரண்டு ஆண்டு முதிர்ந்தது, அதில் ஓராண்டு பீப்பாயில் இருந்தது என்று பொருள். ‘கிரான் ரெசெர்வா’ ஐந்தாண்டு. பீப்பாயின் மரத்துளைகள் வழியே கசியும் ஆக்சிஜன் டானினையும் நிறமிகளையும் ஒன்றோடொன்று பிணைப்பதால் முரட்டுத்தனம் குறைகிறது. விலை கூடிய புட்டிதான் பொருந்தும் என்பதில்லை. பால்குட்டியின் இறைச்சி வெளிறிய நிறம், மென்மையான சுவை. அதற்குக் கிரியான்சாவே சரி என்பேன். முதிர்ந்த புட்டியை நாள்பட்ட செம்மறிப்பால் சீஸுக்கு வைத்துக்கொள்ளலாம். புர்கோஸ் பக்கத்து மொர்சீயாவுக்கு, அதாவது அரிசி கலந்த ரத்தத் தொத்திறைச்சிக்கு, இளம் ஒயினே போதும்.

மீனோடு மட்டும் ஜாக்கிரதை. சிவப்பு ஒயினில் உள்ள இரும்பு, கடல் உணவின் கொழுப்பைச் சிதைத்துக் கவிச்சையைக் கிளப்புகிறது என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரும்பு கூடின ஒயினில் கவிச்சையும் கூடியது.

நம் ஊர்க் காரக்குழம்போடும் இது ஒத்துப்போகாது. மிளகாயின் காரத்தை உணரும் அதே ஏற்பிதான் சூட்டையும் உணர்கிறது. வழக்கமாகச் சுமார் 42 பாகையில் விழிக்கும் அது, ஆல்கஹால் பட்டால் 34 பாகையிலேயே விழித்துக்கொள்ளும். நம் உடம்புச் சூடு அதைவிட அதிகம். ரிபேராவில் ஆல்கஹால் 14 விழுக்காட்டைச் சாதாரணமாக எட்டும். காரமும் துவர்ப்பும் சேர்ந்து வாய் எரியும்.