பேசும் டேப்லெட் வாங்குமுன் ஓகேயு கார்டு

பேசத் திணறும் பிள்ளைக்கு, படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் டேப்லெட் வாங்கித் தர நினைக்கிறீர்களா? கடைக்குப் போகுமுன் ஓகேயு கார்டுக்கு மனு செய்துவிடுங்கள். மலேசியச் சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளியாகப் பதிந்துகொண்டால் கிடைக்கும் அட்டை அது. செவித்திறன், பேச்சு, கற்றல் குறைபாடு என்று மொத்தம் ஏழு பிரிவுகள். ஆட்டிசமும் டிஸ்லெக்சியாவும் கற்றல் குறைபாட்டில் சேரும். பதிவு இலவசம். டாக்டர் உறுதிசெய்த பாரத்தோடு, பினாங்கில் நீங்கள் இருக்கும் மாவட்டத்தின் சமூக நல அலுவலகத்தில் கொடுக்கலாம், இணையத்திலும் செய்யலாம்.

"பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்களே" என்று தயங்கும் குடும்பங்கள் நம்மில் நிறைய. பதிவதும் பதியாததும் உங்கள் விருப்பம்தான். ஆனால் தயங்கும் காலத்தில் உதவியும் தள்ளிப்போகிறது.

வசதி குறைந்த குடும்பம் என்றால், செயற்கை உறுப்பு, உதவிக் கருவிகளுக்கு இலாகாவிடம் உதவி கேட்கலாம். காதுக் கருவி இதில் அடங்கும். டாக்டரின் பரிந்துரை வேண்டும். வாங்கிவிட்டுக் கேட்காமல், முன்கூட்டியே மனு செய்யுங்கள்.

அப்புறம் வருமான வரி. கார்டு உள்ள பிள்ளைக்கு வாங்கும் அடிப்படை உதவிக் கருவிகளுக்கு 6,000 வெள்ளி வரை கழிவு உண்டு. மூக்குக் கண்ணாடி இதில் சேராது. சாதாரண டேப்லெட்டை, கார்டு இல்லாவிட்டாலும், 2,500 வெள்ளி வாழ்க்கைமுறைக் கழிவில் காட்டலாம். 18 வயது வரையிலான பிள்ளையின் கற்றல் குறைபாட்டுப் பரிசோதனை, ஆரம்பகாலப் பயிற்சி, சிகிச்சைச் செலவுக்கும் கழிவு உண்டு; 2025 வரி ஆண்டில் அது 6,000 வெள்ளி வரை இருந்தது. ரசீதுகளை ஏழு வருடம் பத்திரமாக வையுங்கள்.

டேப்லெட் கொடுத்தால் பிள்ளை பேசவே முயலாது என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். 'தண்ணீர்' படத்தைத் தொட்டதும் "தண்ணி வேணும்" என்று அம்மாவின் குரலே கேட்கும்படி பல செயலிகளில் பதிவுசெய்யலாம். கேட்டது கையில் கிடைக்கும்போது பிள்ளைக்குச் சொல்லும் ஆசை கூடும். படத்துக்குக் கீழே தமிழ் எழுத்து இருந்தால் வாசிப்புக்கும் அது தொடக்கம்.

பள்ளியில் இந்தக் கருவியை அனுமதிக்கத் தயங்கினால், 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28ஆவது பிரிவைச் சொல்லுங்கள். பேச்சுக்கு மாற்றான தொடர்புமுறைகளைக் கற்க வசதி செய்துதர வேண்டும் என்று அது சொல்கிறது. மீறினால் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் இல்லை. அதனால் வாய்வார்த்தையோடு விடாமல், பேச்சுப் பயிற்சியாளரின் கடிதத்தை இணைத்துத் தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுங்கள். நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும்.