லுக்கப் என்றால் தேடல் இல்லை

‘தேடல் பிழை’ என்று திரையில் வந்தால் முதலில் எங்கே போய்ப் பார்ப்பீர்கள்? தேடுபெட்டியில்தானே. நானும் அங்கேதான் போனேன், ஒரு ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்தேன்.

சமையல் குறிப்பு பகிர ஒரு சின்னச் செயலி, பொழுதுபோக்காக ரூபி ஆன் ரெயில்ஸில் (வலைச் செயலி கட்ட உதவும் ஒரு நிரல் சட்டகம்) எழுதியது. ஒருவரை ஒருவர் பின்தொடர வசதி சேர்த்தேன். பின்தொடரும் பொத்தான் ஒழுங்காக வேலை செய்தது, ‘நிறுத்து’ பொத்தானை அழுத்தினால் மட்டும் ‘தேடல் பிழை’. செயலி திரையில் காட்டும் செய்திகளைத் தமிழாக்கித் தந்த நண்பர் லுக்கப் என்று வந்த இடமெல்லாம் தேடல் என்று போட்டிருந்தார். தேடலில் ஒரு குறையும் இல்லை. பொத்தான் அனுப்பியது பயனரின் எண், 7. அதைப் பெற்றுக்கொண்ட நிரலோ அந்த 7ஐக் கொண்டுபோய், யார் யாரைப் பின்தொடர்கிறார் என்று வரிக்கு ஓர் எண் போட்டு வைத்திருக்கும் அட்டவணையில் பார்த்திருக்கிறது. அங்கே 7ஆம் எண் வரியே கிடையாது. (இருந்திருந்தால் இன்னும் மோசம். யாரோ யாரையோ பின்தொடர்வது சத்தமில்லாமல் அறுந்திருக்கும்.)

ஆங்கிலத்தில் லுக் என்றால் பார். அதோடு அப் சேர்ந்தால் அகராதியிலோ பட்டியலிலோ எடுத்துப் பார்ப்பது. கணினிக்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பிறப்பு அவ்வளவுதான்.

தேடுகிறவருக்குப் பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியாது, சில நேரம் இருக்கிறதா என்றே தெரியாது. லுக்கப் அப்படி இல்லை. எந்த அட்டவணை, எந்த எண், இரண்டும் கையில் இருக்கின்றன, போய் எடுக்க வேண்டியதுதான். அதனால் தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் அது பிழையே ஆகாது, ‘ஒன்றும் இல்லை’ என்பதும் ஒரு விடைதான். எண்ணோடு போய் இல்லை என்று திரும்பினால்தான் எங்கோ கோளாறு: எண் தப்பு, அல்லது அட்டவணை தப்பு, அல்லது இருந்த வரியை யாரோ அழித்துவிட்டார்கள். ரெயில்ஸிலேயே இது பிரிந்து கிடக்கிறது. ‘வேர்’ (where) என்று நிபந்தனை சொல்லிக் கேட்டால் காலிப் பட்டியல் வரும், சண்டை இல்லை. ‘ஃபைண்ட்’ (find) என்று எண்ணைக் கொடுத்துக் கேட்டு அது இல்லையென்றால் கூச்சல் போட்டு நின்றுவிடும். ரெயில்ஸ் போலவே இன்னொரு சட்டகமான ஜாங்கோவில் ‘ஃபில்டர்’, ‘கெட்’ இரண்டுக்கும் இதே வித்தியாசம். இத்தனையையும் தேடல் என்ற ஒரே சாக்கில் கட்டினால் பிழையைப் படிப்பவன் என்ன செய்வான்?

சரி, தமிழில் என்ன சொல்வது? நாம் பஞ்சாங்கம் பார்க்கிறோம், யாரும் பஞ்சாங்கம் தேடுவதில்லை. அது தொலைந்துபோனால்தான் தேடுவோம். அகராதி பார்க்கிறோம், பள்ளியில் லாக் டேபிள் பார்த்தோம், நிலம் வாங்குமுன் வில்லங்கம் பார்க்கிறோம், பட்டா எண்ணை வைத்துச் சிட்டா எடுக்கிறோம். பார், எடு, இந்த இரண்டு வினைதான். நிகண்டுகளைப் பாட்டாக மனப்பாடம் செய்த காலத்தில் எடுத்துப் பார்க்கும் பேச்சே பெரிதாக இருந்திருக்காது. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை எழுத்து வரிசையில் அடுக்கியபின் எழுத்தே சாவி ஆகிவிட்டது. அகரம் ஆதியாக வருவதால்தானே அகராதி. ஆகவே என் ஓட்டு ‘பார்த்தெடுப்பு’க்கு. அழகான சொல் என்று நானே சொல்ல மாட்டேன்.

இதற்கு ‘உசாவல்’தான் தூய தமிழ் என்றார் நண்பர். உசாவுவது நாலு பேரிடம் விசாரிப்பது, ஊருக்குள் பெண் பார்க்கப் போகுமுன் செய்கிற வேலை. ‘கண்டெடுப்பு’ என்றார் அப்புறம். தெருவில் கண்டெடுத்த பர்ஸ் ஞாபகம் வருகிறது. தூய்மை இருக்கட்டும், பிழை எங்கே என்று காட்டாத தூய சொல்லுக்குப் பதில் ‘லுக்கப்’ என்றே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம்.

அவர் மேல் மட்டும் பழி போட முடியாது. மொழிபெயர்க்கிறவருக்குக் கிடைப்பது வெட்டிய வாக்கியங்களின் பட்டியல்தான், எந்தத் திரையில் எந்தப் பொத்தானுக்குப் பின்னால் வரும் என்று அதில் இருக்காது. போஸ்டும் பதிவு, ரெக்கார்டும் பதிவு, பெயர் கொடுப்பதும் பதிவு. ‘பதிவு கிடைக்கவில்லை’ என்று வந்தால் போனது என் வத்தக்குழம்பா, தரவுத்தளத்தில் ஒரு வரியா? போஸ்டுக்கு இடுகை என்று வலைப்பதிவர்கள் எப்போதோ வழக்கத்தில் கொண்டுவந்தார்கள், அதைத் தூக்கிப் போட்டுவிட்டோம். இன்னொன்று ‘பக்கத்தைக் காணவில்லை’. கீழே புகைப்படமும் அடையாளமும் போட்டுச் சுவரில் ஒட்டலாம்.

பொத்தானைத் திருத்திவிட்டேன், இப்போது பின்தொடரும் வரியின் எண்ணையே அனுப்புகிறது. செய்தியையும் மாற்றினேன்: ‘பின்தொடர்வோர் அட்டவணையில் 7ஆம் எண் வரி இல்லை.’ பார்த்தெடுப்பு என்ற சொல்லுக்கு அதில் வேலையே வரவில்லை. நண்பர் அதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.